இருநூற்று எண்பத்தெட்டில் வராத பயம்

உள்ளங்கை அரித்தது. சேலம் யார்டை விட்டு ஐம்பத்தெட்டு காலி வேகன்களையும் இழுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் மாதையன் மூன்று தடவை சொறிந்துவிட்டார். கையுறைதான் காரணம் என்று நினைத்தார். அப்புறம் கையுறையைத் துவைத்த சோப்புத்தூள் என்று நினைத்தார். அப்புறம் கையுறையே போடாத இடது கையும் சேர்ந்து அரிப்பது நினைவுக்கு வந்து, சரி, வெயில் என்று முடித்துக்கொண்டார். மணி காலை ஒன்பதே முக்கால், வெயில் இன்னும் ஏறவே இல்லை. ஆனாலும் ஒரு முடிவுக்கு வந்தாயிற்று, வந்த முடிவைக் கிளறிக்கொண்டிருப்பதில் என்ன லாபம். வலது கையால் வேகக் கைப்பிடியை ஒரு நாட்ச் ஏற்றினார். பின்னால் வேகன்கள் ஒவ்வொன்றாக இழுபட்டுக் கொக்கி இறுகும் சத்தம் கடைசி வரை ஓடி அடங்கியது. பக்கத்து இருக்கையில் உதவி லோகோ பைலட் வெண்மதி நிமிர்ந்து உட்கார்ந்து, முன்கண்ணாடியை நோக்கிக் கையை நீட்டி, "ஸ்டார்ட்டர் க்ரீன்" என்றாள். "க்ரீன்" என்றார் மாதையன். அதுதான் வேலையின் முறை. சிக்னலை முதலில் பார்ப்பவர் உரக்கச் சொல்ல வேண்டும், மற்றவர் தானும் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு வாய், நான்கு கண். இருபத்தொரு வருஷத்தில் எத்தனை லட்சம் க்ரீன் சொல்லியிருப்பார். தூக்கத்திலும் சொல்வதாக மனைவி குணவதி சொல்வாள். புரண்டு படுத்துக்கொண்டே, அடுத்தது சிவப்பு, நிறுத்தத் தயாராகு என்கிற 'யெல்லோ'வைச் சொல்வாராம், அவள் 'சரிங்க, யெல்லோ' என்று பதில் கொடுத்தால்தான் குறட்டை தொடருமாம். பாவம், அவளையும் பாதி ரயில்வேக்காரி ஆக்கியாயிற்று. இன்றைக்குக் காலையில் தோசை தின்றபின் பச்சை மூடி டப்பாவைத் திறந்து இரண்டு கேப்சூல் போட்டுக்கொண்டார். டப்பாவில் தினம் ஒன்று என்றுதான் போட்டிருக்கிறது. ஒன்று போதவில்லை என்று ஒரு மாதமாக இரண்டு. அதிலும் இன்றைக்கு ஜோலார்பேட்டை லைன், பொம்மிடி தாண்டி அந்த இடம் வரும். வரட்டும். இரண்டு உள்ளே இருக்கிறது.

அந்த இடம் என்றால் கிலோமீட்டர் 288, ஆறாம் நம்பர் மின்கம்பம். ரயில்வேக்காரர்களுக்கு ஊர் பேர் வேண்டாம், கம்பத்து நம்பர் போதும். பத்தொன்பது மாதத்துக்கு முன்னால் அங்கே ஒருத்தன் தண்டவாளத்தின் மேல் குந்திக்கொண்டு போன் பேசிக்கொண்டிருந்தான். நீலக் கட்டம் போட்ட லுங்கி. மாதையன் ஹாரன் அடித்தார், விடாமல் அடித்தார், கூடவே எமர்ஜென்சி பிரேக்கும் போட்டார். எல்லாம் முறைப்படிதான். அவன் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனில் பேசினான். அந்தத் திரும்பல்தான். இவ்வளவு பெரிய இன்ஜின் அலறிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு, ஏதோ பாதியில் விட்ட பேச்சை முடித்துவிட்டு வருகிறேன் என்கிற மாதிரி. யாரிடம் பேசினான், கடைசியாக என்ன சொன்னான், அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த ஆளுக்கு ஹாரன் சத்தம் கேட்டிருக்குமா, அது என் ஹாரன் ஆயிற்றே. லோடு வண்டி, நிற்க எழுநூறு மீட்டர் ஆயிற்று. இறங்கிப் போய்ப் பார்த்து, மெமோ எழுதிக் கொடுத்து, வண்டியை மொரப்பூர் வரை அவரேதான் ஓட்டிக்கொண்டு போனார். வேலையில் சேர்ந்த நாள் முதல் இப்படி நாலு பேர் குறுக்கே வந்து போயிருக்கிறார்கள், இவன் ஐந்தாவது. சிலருக்கு முதல் ஆளே ஒட்டிக்கொள்வான், சிலருக்கு யாருமே ஒட்டுவதில்லை, மத்தியானம் பிரியாணி சாப்பிடுவார்கள். மாதையனுக்கு முதல் நாலு பேரும் ஒரு வாரத்தில் போய்விட்டார்கள். ஐந்தாவது ஆள் போகவில்லை. அதற்கப்புறம் 290 வந்ததுமே அடிவயிற்றில் ஒரு பிடி விழும். வாய் உலரும். ஹாரன் கயிற்றை விடவே மனசு வராது. வெறும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே கை பிரேக் பக்கம் போகும். பொம்மிடிக்கு மட்டும் இருந்த பயம் மெல்ல மெல்ல வளர்ந்து எல்லா கேட்டுக்கும், எல்லா வளைவுக்கும், கடைசியில் ஷூ லேஸ் கட்டும்போதே வந்தது.

டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டரம்மா நல்ல மனுஷி, பிரஷர் மாத்திரை அவர்தான் எழுதிக் கொடுத்தார், அது சர்வீஸ் புத்தகத்தில் ஒழுங்காக ஏறியிருக்கிறது. ஆனால் பிரஷர் வேறு, இது வேறு. பயமாயிருக்கு என்று ஒரு லோகோ பைலட் வாயைத் திறந்தால் அந்த நிமிஷமே இன்ஜினை விட்டு இறக்கிவிடுவார்கள். தப்பில்லை, இறக்கத்தான் வேண்டும். அப்புறம் ஏதாவது ஆபீஸில் ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு பைல். கூட வேலைக்குச் சேர்ந்த ராஜமாணிக்கம் அப்படித்தான் சர்க்கரையில் கண் போய் ஸ்டோரில் உட்கார்ந்தான். டிரைவர்கள் டியூட்டிக்குக் கையெழுத்துப் போடும் லாபிப் பக்கம் வந்தால் இன்ஜின் நிற்கிற திசையையே பார்க்க மாட்டான், டீ குடித்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு போய்விடுவான். அந்த முதுகு வேண்டாம் என்றுதான் மாதையன் வாயைத் திறக்கவில்லை. திறக்காத வாய்க்கு மைத்துனன் குப்புராஜ் ஒரு வழி சொன்னான். அவன் ஜிம் நடத்துகிறவன், எதற்கும் ஒரு டப்பா வைத்திருப்பான். "மாமா, இது மருந்தே இல்ல. மூளைக்குச் சத்து. பரீட்சை எழுதுற பசங்க, ஐ.டி.காரங்க எல்லாம் இதத்தான் போடுறாங்க. டென்ஷன் சுத்தமா போயிரும்" என்றான். பச்சை மூடி, லேபிளில் ஒரு இலை, இலைக்கு நடுவில் கண்ணை மூடிய முகம். உள்ளே அமுக்கரா கிழங்கு, ஏதோ தீவில் விளையும் ஒரு வேர், இன்னும் வாயில் நுழையாத பேரில் இரண்டு சமாசாரம். அமுக்கராவைப் பார்த்ததும் பாதி சந்தேகம் போயிற்று, நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடையில் விற்கிற கிழங்குதானே. மீதி சந்தேகத்துக்கு லேபிளில் இருந்த நம்பருக்கு போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள், தேன் மாதிரிக் குரல். "சார், இது மெடிசின் இல்ல சார். ஃபுட் சப்ளிமென்ட். பிரிஸ்கிரிப்ஷனே தேவையில்ல" என்றாள். ஃபுட் என்றால் சாப்பாடு. இட்லி மாதிரி. லாபியில் டியூட்டிக்குக் கையெழுத்துப் போடும்போது குழாயில் ஊத வேண்டும், குடிக்கவில்லை என்று மெஷின் சொல்லும், அதற்குக் கீழே தூக்கம் வரவழைக்கும் மருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று ஒரு வரி. இருமல் டானிக் குடித்தால்கூடச் சொல்ல வேண்டும், அப்படிச் சொல்லி ஒரு தடவை டியூட்டியையே மாற்றிக்கொண்டவர்தான் மாதையன். இதற்கு மட்டும் அந்த வரியில் கையெழுத்துப் போடும்போது உறுத்தவில்லை. ஐந்து மாதமாக உறுத்தவில்லை. இட்லி சாப்பிட்டதையா எழுதுவார்கள்.

"டிஸ்டன்ட் க்ரீன்" என்றாள் வெண்மதி. "க்ரீன்" என்றார். கருப்பூர் போயிற்று, தின்னப்பட்டி போயிற்று. இடது கை நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாகப் போய் அந்தச் சின்ன பட்டனை அமுக்கியது. டிரைவர் விழித்திருக்கிறாரா என்று இன்ஜின் கேட்கிற பட்டன் அது. அமுக்காவிட்டால் விளக்கு எரியும், அப்புறம் மணி அடிக்கும், அப்புறம் தானே பிரேக் போட்டு நின்றுவிடும். விளக்கு எரிந்ததாகச் சரித்திரம் இல்லை. கைக்குத் தெரியும். உள்ளங்கை அரித்தது. கேப்சூல் நல்லதுதான் செய்தது, அதை மறுக்கக் கூடாது. முதல் பதினைந்து நாளில் தூக்கம் வந்தது. ஷூ லேஸ் கட்டும்போது பயம் வரவில்லை. குணவதி சந்தோஷப்பட்டாள், அப்புறம் அவ்வளவாகச் சந்தோஷப்படவில்லை. அவளுடைய பெரியப்பா தவறிப்போன வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவர் ஒரு நாற்காலியில் சாய்ந்து கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல உட்கார்ந்திருந்தாராம். "ஏங்க, மொகத்த கொஞ்சம் வேற மாதிரி வைங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்று காதில் வந்து சொன்னாள். வேறு மாதிரி என்றால் எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. துக்கம் இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தார், இருந்தது, எங்கேயோ பக்கத்து வீட்டில் இருந்தது. போன மாதம் குழம்பில் உப்பே இல்லை, அதையும் சொல்லாமல் தின்றுவிட்டு எழுந்தார். முன்னால் என்றால் ஒரு ஆட்டம் ஆடியிருப்பார். அன்றைக்குக் குணவதி தானாகவே வந்து, "ஏங்க, ஒரு திட்டாச்சும் திட்டிட்டுப் போங்க" என்றாள். சிரிப்புக்குச் சொன்னாளா, அழுதுகொண்டு சொன்னாளா. முகத்தைப் பார்க்காமல் சட்டை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டார்.

பொண்ணு தாரணிதான் டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பி.காம். இரண்டாம் வருஷம், எதையும் சும்மா விட மாட்டாள். லேபிளின் பின்பக்கம் கடுகு கடுகாக எழுதியிருந்ததை போனில் படம் பிடித்துப் பெரிசு பண்ணிப் படித்தாள். இரண்டு மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுக்க வேண்டாம். பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரையோடு சேர்த்து எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்கவும். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் தவிர்க்கவும். வண்டி ஓட்டுகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்கவும். "அப்பா, வண்டி ஓட்டுறவங்க ஜாக்கிரதைன்னு போட்டிருக்குப்பா" என்றாள். "அது கார், பைக் ஓட்டுறவங்களுக்கும்மா. நான் ஓட்டுறதுக்கு ஸ்டீரிங்கே கிடையாது. அது பாட்டுக்குத் தண்டவாளத்துல போகும்" என்றார். தாரணி சிரித்தாள். அவரும் சிரித்தார். நல்ல பதில் சொன்னோம் என்று நினைத்தார். இப்போது ஸ்டீரிங் இல்லாத இன்ஜினில் உட்கார்ந்து அதே பதிலை நினைத்துப் பார்த்தால் அவ்வளவு நன்றாக இல்லை. ஸ்டீரிங் இல்லைதான். திருப்ப முடியாது, விலக முடியாது, நிறுத்த மட்டும்தான் முடியும். லுங்கிக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், இவரால் எதையும் திருப்ப முடியவில்லை. சரி, அதை விடு. பிரஷர் மாத்திரையோடு சேர்த்து என்று போட்டிருந்ததே. காலையில் பிரஷர் மாத்திரையும் இதுவும் ஒரே டம்ளர் தண்ணீரில்தான் போகிறது. டாக்டரைக் கேட்கவும். கேட்டால் எதற்குச் சாப்பிடுகிறீர்கள் என்பார், அதற்குப் பதில் சொல்ல வேண்டும், பதில் சொன்னால் ராஜமாணிக்கத்தின் முதுகு. சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது. இதை நினைத்தால் முன்பெல்லாம் நெஞ்சு படபடக்கும். இப்போது படபடக்கவில்லை. அதுதான் கேப்சூல். கேப்சூலைப் பற்றிய கவலையைக்கூட கேப்சூலே தீர்த்துவைக்கிறது, இது ஒரு வசதி.

டேனிஷ்பேட்டை தாண்டியதும் இரண்டு பக்கமும் காடு நெருங்கியது. லோக்கூர் ஏற்றம். இன்ஜின் முனகிக்கொண்டு ஏறியது. வெண்மதி பாட்டிலை எடுத்து உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு மூடினாள். மாதையன் பாட்டில் நிறைந்தபடியே இருந்தது. இந்த இன்ஜினில் ஒன்றுக்குப் போக இடம் கிடையாது, ஜோலார்பேட்டையில் இறங்கினால்தான் உண்டு, அதனால் தண்ணீர் குடிக்காமலே பழகிக்கொள்வார்கள். ஆம்பளைக்காவது சிக்னலுக்கு நிற்கும்போது இறங்கி ஒரு புதர் இருக்கிறது. இந்தப் பொண்ணு எட்டு மணி நேரம் எப்படித்தான் தாங்குகிறதோ, வீட்டில் ஐந்து வயசில் ஒரு பையன் வேறு. "என்ன சார், இன்னைக்கு ரொம்ப சொறியறீங்க?" என்றாள் கண்ணைத் தண்டவாளத்தை விட்டு எடுக்காமல். "வெயிலும்மா." "வெயிலா?" என்று வானத்தை ஒரு பார்வை பார்த்தாள். மேகமாக இருந்தது. "கண்ணும் லேசா மஞ்சளா இருக்கு சார். காமாலை கீமாலை இருக்கப்போவுது, ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பாருங்க." "தண்ணி குடிக்காததுதான். ஒனக்குத் தெரியாததா" என்றார். மூன்று வாரமாக ஒன்றுக்கு டிக்காஷன் நிறத்தில்தான் போகிறது. அதற்கும் அவர் வைத்திருக்கிற காரணம் தண்ணீர் குடிக்காததுதான். ரயில்வேக்காரன் எவனுக்குமே மஞ்சளாகத்தான் போகும், புதுசா என்ன. ஆனால் போன வாரம் மூன்று நாள் ரெஸ்டில் வீட்டில் இருந்தார், சொம்பு சொம்பாகக் குடித்தார், அப்போதும் அதே நிறம். அந்த நினைப்பு வந்தது, கொஞ்ச நேரம் நின்றது, யாரும் உட்காரச் சொல்லாததால் போய்விட்டது. சாப்பாடு பிடிக்கவில்லை, வலது விலாவுக்குக் கீழே ஏதோ கனமாக இருக்கிறது, அதுவும் இட்லியால்தான். "லோக்கூர் ஹோம் க்ரீன்." "க்ரீன்."

பொம்மிடியில் நிற்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடி காட்டினார், வெண்மதி பதிலுக்குக் காட்டினாள். சமவெளி வந்தது. வேகம் அறுபத்தைந்து. கிலோமீட்டர் கற்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. 291. மாதையன் உட்காரும் விதத்தை மாற்றிக்கொண்டார். 290. இங்கேதான் முதல் பிடி விழும். விழவில்லை. வாயில் நாக்கைத் துழாவிப் பார்த்தார், உலரவில்லை. வயிற்றைக் கவனித்தார். வயிறு ஒரு மூட்டை மாதிரி சும்மா இருந்தது. பரவாயில்லையே. ஒன்று போட்ட காலத்தில்கூட இங்கே லேசாக ஒரு சுருக் இருக்கும், இரண்டு போட்டதும் அதுவும் இல்லை. ஹாரன் அடித்தார், அளவாக அடித்தார், அடித்துவிட்டுக் கயிற்றை விட முடிந்தது. 289. லுங்கிக்காரனை நினைத்துப் பார்ப்போம் என்று வேண்டுமென்றே நினைத்தார். நீலக் கட்டம். போன். வலது காதா, இடது காதா. திரும்பிப் பார்த்தான். வரவில்லை, பயம் வரவில்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி அவர் தேடினார், நெஞ்சில் தேடினார், தொண்டையில் தேடினார், முழங்காலில் தேடினார். அங்கே தெளிவாக ஒரு பிடி இருந்ததே, ஒரு வருஷத்துக்கு மேலே கூடவே இருந்ததே, எங்கே போயிற்று. அவன் பேர் செந்தாமரை என்று மெமோவில் எழுதியிருந்தார்கள், செங்கல் சூளையில் வேலை. பேரைச் சொல்லிப் பார்த்தார். செந்தாமரை. ஒன்றும் இல்லை. பேப்பரில் படிக்கிற பேர். சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும். சந்தோஷம் இருக்கிறதா என்று தேடினார். "டபுள் யெல்லோ" என்றாள் வெண்மதி. "டபுள் யெல்லோ." ஆறாம் நம்பர் கம்பம் வந்தது, போயிற்று, ஒரு வேப்ப மரம், ஒரு கொட்டாய், அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை நாள். ஒரு மனுஷன் செத்த இடத்தில் எனக்கு ஒன்றுமே ஆகவில்லையே, இது குணமா, இல்லை வேறு ஏதாவதா. பெரியப்பா வீட்டு நாற்காலி. உப்பில்லாத குழம்பு. ஒரு திட்டாச்சும் திட்டிட்டுப் போங்க என்றாளே, அழுதுகொண்டுதான் சொன்னாள், இப்போது தெரிகிறது, மூக்கு சிவந்திருந்தது. "யெல்லோ சார்." "யெல்லோ." கை பட்டனை அமுக்கியது. இன்றைக்குச் சாயங்காலம் போய் அவளைத் திட்ட வேண்டும், எதற்காவது, சட்டைப் பொத்தானுக்காவது. "சார், பிரேக்" என்றாள் வெண்மதி. ஆங், என்றார், அல்லது சொன்னதாக நினைத்தார். பொத்தான் போன சட்டை எது, அந்தச் சந்தன நிறத்ததா. "சார்! ரெட்டு! ஹோம் ரெட்டு சார்!" "ரெட்" என்றார் மாதையன். தெளிவாக, நிதானமாக, முறைப்படி சொன்னார். கை கைப்பிடியிலேயே இருந்தது.

வெண்மதி தன் பக்கத்து எமர்ஜென்சி வால்வை இறக்கினாள். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. ஐம்பத்தெட்டு வேகன்களும் பின்னாலிருந்து நெருக்கியடித்து முட்டின. மாதையன் முன்னாலிருந்த கன்ட்ரோல் மேஜையில் மோதி, அப்போதுதான் முன்னால் பார்த்தார். அடுத்த ஸ்டேஷன் வாசலில் நிற்கிற ஹோம் சிக்னலின் சிவப்பு விளக்கு அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம், அவர் லைனிலேயே, ஒரு பாசஞ்சர் வண்டியின் கடைசிப் பெட்டி நின்றது. கடைசிப் பெட்டியின் கதவில் ஒருத்தி கையில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்து, வாசல் படியில் காலைத் தொங்கவிட்டு எதையோ தின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் கனத்தது, வேகம் நாற்பது, இருபத்தைந்து, பத்து. நின்றது. சிக்னலுக்கு ஒரு கம்பம் இடைவெளி, அறுபது மீட்டர் இருக்கும். தாண்டவில்லை. தாண்டவில்லை, தாண்டவில்லை என்று மூன்று தடவை மனசுக்குள் சொன்னார். இருபத்தொரு வருஷத்தில் சிவப்பைத் தாண்டியதில்லை, இன்றைக்கும் தாண்டவில்லை, ஆனால் நிறுத்தியது அவர் இல்லை. வேகத்தைக் குறை என்கிற டபுள் யெல்லோவைச் சொன்னது யார்? யெல்லோ சொன்னது யார்? அவர் வாய்தான். வாய் சொல்லியிருக்கிறது, கை பட்டனை அமுக்கியிருக்கிறது, இன்ஜினும் நம்பிவிட்டது, பக்கத்தில் இருந்தவளும் நம்பிவிட்டாள். இரண்டு வாய், நான்கு கண் என்று அவர்தான் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். இன்றைக்கு இரண்டு கண்தான் இருந்தது. படியில் தின்றுகொண்டிருந்தவள் டிபன் பாக்ஸை மூடினாள்.

அப்போது வந்தது. அடிவயிற்றில் அந்தப் பழைய பிடி. இத்தனை நாள் எங்கே இருந்ததோ, மொத்தமாக வந்தது. வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பயம் வந்ததற்கா, பயம் இல்லாமல் இத்தனை நாள் இன்ஜினில் உட்கார்ந்திருந்ததற்கா, தெரியவில்லை, அழுகைதான் வந்தது. வாக்கி டாக்கி கரகரத்தது. பின்னால் கடைசி வேனில் இருக்கிற கார்டு புண்ணியகோடி. "பைலட் சார், என்ன ஆச்சு? எமர்ஜென்சி போட்டீங்களே?" வெண்மதியின் கை இன்னும் வால்வின் மேலேயே இருந்தது. அவள் மெதுவாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள், கண்ணைத் துடைப்பதைப் பார்த்தாள், பார்க்காததுபோல மறுபடியும் முன்னால் திரும்பிக்கொண்டாள்.

"சார், மாடு குறுக்க வந்துச்சுன்னு சொல்லிடவா?"

நல்ல பொண்ணு. வேறு எதுவும் சொல்ல வேண்டாம், சரி என்று தலையாட்டினால் போதும். சிக்னல் தாண்டவில்லை, யாருக்கும் அடி இல்லை, இந்த லைனில் மாடு வராத நாள் உண்டா. வேகம் பதியும் பெட்டியில் கோடு இருக்கும், அதில் மாடா மனுஷனா என்று எழுதியிருக்காது. ஜோலார்பேட்டை போய் இறங்கலாம், டீ குடிக்கலாம், பச்சை மூடியைக் குப்பையில் போடலாம், நாளையிலிருந்து ஒழுங்காக இருக்கலாம். டப்பாவை நிறுத்தினால் பயம் திரும்ப வரும். வந்தால் 290-இல் வயிறு பிடிக்கும், தூக்கம் போகும், ஷூ லேஸ். அப்போது குப்புராஜ் வேறு மூடியில் ஒன்று வைத்திருப்பான். மாடு என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் எல்லாவற்றுக்கும் ஒரு மாடு கிடைக்கும். அரிப்புக்கு வெயில் கிடைத்தது, டிக்காஷனுக்குத் தண்ணீர் கிடைத்தது, ஸ்டீரிங் இல்லை என்பது கிடைத்தது. இந்தப் பொண்ணு பொய் சொன்னவளாக எழுதப்படுவாள், இவளுக்கு ஐந்து வயசில் ஒரு பையன், நாளைக்கு வேறு யாரோடோ இதே இருக்கையில் உட்கார்ந்து கை நீட்டுவாள், பக்கத்தில் இருக்கிற வாய் சொல்வதை நம்புவாளா, மாட்டாளா. கார்டு மறுபடியும் கூப்பிட்டார். முன்னால் பாசஞ்சர் நகர்ந்தது. டிபன் பாக்ஸ்காரி காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். வண்டி மெல்லப் போய் வளைவில் மறைந்தது. ஒரு காக்கா சிக்னல் ஏணியில் வந்து உட்கார்ந்தது. அப்புறம் சிவப்பு அணைந்து பச்சை வந்தது.

வெண்மதி கையை நீட்டினாள். பழக்கம், அவளுக்கும் பழக்கம். "ஹோம் க்ரீன்" என்றாள், குரல் உடைந்திருந்தது.

மாதையன் வாய் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார். பச்சைதான், நன்றாகத் தெரிந்தது, ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார். ஆனாலும் திருப்பிச் சொல்லவில்லை. வெண்மதி நீட்டிய கையோடு காத்திருந்தாள். அவர் வாக்கி டாக்கியை எடுத்தார், உள்ளங்கை வியர்வையில் அது வழுக்கியது.

"கார்டு சார், மாடு இல்ல, ஒன்னும் இல்ல. சிக்னல நான் பாக்கல. வெண்மதிதான் வண்டிய நிறுத்துனாங்க."

வாக்கி டாக்கி கரகரத்தது. அப்புறம் புண்ணியகோடி, "உடம்பு சரியில்லையா சார்? தலைவலி கிலைவலி எதாச்சும்…" என்று இழுத்தார். அவரும் நல்ல மனுஷன்தான். எல்லோரும் ஆளுக்கொரு மாட்டைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

"மருந்து சாப்பிட்டிருக்கேன் சார்" என்றார் மாதையன். "அஞ்சு மாசமா. யாருகிட்டயும் சொல்லல. கன்ட்ரோலுக்குச் சொல்லி வேற க்ரூ கேளுங்க. நான் ஓட்ட மாட்டேன்."

சொல்லிவிட்டுக் கைப்பிடியை முழுக்கக் கீழே இறக்கினார். சாவியைத் திருப்பி உருவினார். ராஜமாணிக்கத்தின் முதுகு ஒரு தடவை வந்து போயிற்று. எழுந்து நின்று, சாவியை வெண்மதியிடம் நீட்டினார். அவள் நீட்டிய கையை மடக்காமலே அதை வாங்கிக்கொண்டாள்.